பெட்டிக்குள் இருந்த மணம்

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். வல்வெட்டித்துறையில் என் மகன் பிறந்தபோது, மூத்தவளின் சட்டைகளையும் போர்வைகளையும் றங்குப்பெட்டியிலிருந்து எடுத்தேன். மூன்று வருடமாக, பூச்சி அரிக்காமலிருக்க வெள்ளை உருண்டைகள் போட்டுப் பத்திரப்படுத்தியவை அவை. அந்த மணம் எனக்குப் பிடிக்கும். அதனால் துவைக்கக்கூட இல்லை.

ஐந்தாம் நாள் பிள்ளையின் கண் மஞ்சளாகியது. "உது எல்லாப் பிள்ளையளுக்கும் வாறதுதான்" என்றார்கள் பார்க்க வந்தவர்கள். மறுநாள் அவன் வெளிறிப்போய், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தான். சிறுநீர் தேயிலைச் சாயம்போல் போனது. குளிருதாக்கும் என்று நினைத்து, அதே பெட்டியிலிருந்த இன்னொரு போர்வையாலும் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டொக்டர் பிள்ளையைத் தொடுமுன் போர்வையை மணந்து பார்த்தார்.

"இதை எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

"பெட்டிக்குள்ளை பூச்சி உருண்டை போட்டு வைச்சனான், டொக்டர்."

"முதல் இதைக் கழட்டுங்கோ. சில பிள்ளையளின்ரை இரத்தம் உந்த உருண்டையிலை இருக்கிற மருந்தைத் தாங்காது, உடைஞ்சு போகும்."

இரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. என் அண்ணையின் இரத்தம் பொருந்தியது. அதை ஏற்றித்தான் பிள்ளை பிழைத்தான்.

இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். சில மருந்துகளும் அவனுக்கு ஆகாதாம்; எந்த டொக்டரும் குளிசை எழுதுமுன் அவன் இரத்தத்தின் குறையைச் சொல்லிவிடுவேன். பெட்டிக்குள் காய்ந்த வேப்பிலைதான் போடுகிறேன். பிறந்த பிள்ளை பார்க்கப் போகும் வீடுகளில், தூக்குமுன் துணியை மணந்து பார்க்கிறேன். என்னை ஒரு மாதிரித்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அந்த இரண்டாவது போர்வையைச் சுற்றியது என் கைகள்தானே.