கடை வெப்சைட்டில் மனைவி பாடியது

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீடியோக்காரர், அவ்வளவுதான். கல்யாண வீட்டில் எல்லோரும் சாப்பிடப் போனபிறகும் ஒயரைச் சுருட்டிக்கொண்டு நிற்பார். மாடியில் ஒற்றை அறை போட்டோக் கடை. அதைக் கட்டிக்காத்தது அவர் மனைவி. வருகிறவர்களின் காலரைச் சரிசெய்வது, அழுகிற குழந்தையைச் சிரிக்கவைப்பது எல்லாம் அந்தம்மாதான்.

ஒருநாள் புதுக் கேமராவைச் சோதிக்கிறேன் பேர்வழி என்று அவளைப் படம்பிடித்தார். ரேடியோவில் ஒரு சினிமாப் பாட்டு. போட்டோக்களை உறையில் போட்டபடி அவளும் கூடவே பாடினாள். அடுத்த மழைக்காலத்தில் அவள் இல்லை.

தம்பி மகள் கடைக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தாள். திறந்ததும் மனைவி பாடும் அந்த வீடியோ வரவேண்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். வந்தது. வேலையில்லாத மதியங்களில் அதைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பாட்டுக் கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்தது. சட்டத்தில் குழப்பம் ஒன்றுமில்லை. பாட்டை எழுதி மெட்டமைத்தவர்களுக்கு ஒரு உரிமை, ஒலிப்பதிவு செய்த கம்பெனிக்கு இன்னொரு உரிமை. கடை வெப்சைட்டில் போட இரண்டு தரப்பும் எழுத்தில் சம்மதம் தரவேண்டும். ரேடியோ பின்னால்தானே பாடுகிறது என்ற வாதம் கம்பெனியிடம் எடுபடவில்லை.

“இப்போதைக்கு எடுத்துடலாம் பெரியப்பா. சம்மதம் வாங்கிட்டு மறுபடி ஏத்திக்கலாம்” என்றாள் தம்பி மகள்.

“எம் பொண்டாட்டி பாடுறதுக்கு எவன்கிட்டம்மா நான் கையெழுத்து வாங்கணும்?”

வீம்பு. இரண்டாவது நோட்டீசையும் கிழித்துப் போட்டார். வெப்சைட்டுக்கு இடம் கொடுத்திருந்த நிறுவனம் அதை மூடி, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டது.

அதன்பிறகுதான் அலைந்தார். கம்பெனி வரவேற்பறையில் நீங்க பாடகரா என்று கேட்டார்களாம். பாடகியோட வீட்டுக்காரர் என்றாராம். நடையாய் நடந்து இரண்டு சம்மதத்தையும் வாங்கினார். தலைகால் புரியாமல் ஓடிவந்தார்.

“ஏத்தும்மா.”

“வீடியோவைக் குடுங்க பெரியப்பா.”

“உங்கிட்டதானே இருக்கு?”

“என்கிட்ட ஏது? கேமரா மெமரி கார்டுல இருந்து நேரா ஏத்திட்டு, கார்டை உங்க கையிலயே குடுத்தேனே.”

கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலையை ஒப்படைத்ததும் கார்டைத் துடைத்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். வெப்சைட்டில் ஏற்றியதை, ஒப்படைத்த வேலையாகவே நினைத்தார் அவர். அந்தக் கார்டில் அதற்குமேல் எத்தனையோ கல்யாணம் ஏறி இறங்கிவிட்டது. தம்பி மகள் என்னென்னவோ செய்து பார்த்தாள். கிடைத்ததெல்லாம் யார் வீட்டு மாப்பிள்ளையோ.

அவர் திட்டவில்லை, அழவில்லை. ஏதோ அவசரம் போலக் கேட்டார்.

“நடுவுல ஒரு இடத்துல மூச்சு வாங்கிச் சிரிச்சிட்டு, திரும்பப் பாடுவாளே. அது எந்த வரிம்மா?”

அந்தப் பெண் அதை முழுசாக ஒருதடவைகூடக் கேட்டதில்லை.

“தெரியல பெரியப்பா” என்றாள்.