மங்கை சோறு தின்ற வாரம்

1. அழாத குழந்தை

நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஹெல்த் விசிட்டராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அறுபதுகளின் தொடக்கம். குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகப் போய்க் கைக்குழந்தைகளை எடை போட வேண்டும், அட்டையில் எழுத வேண்டும், தாய்மாருக்கு யோசனை சொல்ல வேண்டும். இதுதான் வேலை.

வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. மார்கழிக் காலையில் பனி இறங்கிவிட்டால் பிளாக் நம்பர்கூடத் தெரியாது. காற்று திரும்பும் நேரத்தில், மைன்ஸில் தண்ணீர் இறைக்கும் பம்புகளின் முனகல் எங்கிருந்தோ மிதந்து வரும். பாதி தூக்கத்தில் நடப்பதுபோல இருக்கும் எனக்கு. குழந்தை அழும் சத்தத்தை வைத்துத்தான் சில வீடுகளைக் கண்டுபிடிப்பேன்.

மங்கை அழமாட்டாள். தூளியில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் கிடப்பாள். எட்டு மாதக் குழந்தை. மூன்று மாதமாக அவள் அட்டையில் ஒரே எண், பதிமூன்று பவுண்டு. அவள் அம்மா சரசு தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கொடுக்கவில்லை.

கிளினிக்கில் பெரிய டாக்டரிடம் சொன்னேன்.

"ஆறு மாசத்துலயே ஆரம்பிச்சிருக்கணுமேம்மா. தாய்ப்பால் நல்லதுதான், இனிமே அது மட்டும் பத்தாது. போய்ச் சொல்லு."

"பத்து தடவ சொல்லிட்டேன் டாக்டர்."

"அப்ப பதினோராவது தடவ சொல்லு."

2. என் கரண்டி

பதினோராவது தடவை நான் சொல்லவில்லை. கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி டம்ளரில் எடுத்துப்போனேன். சரசு குழாயடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மங்கையை மடியில் வைத்து ஒரு கரண்டி ஊட்டினேன். அவள் நாக்கால் பாதியை வெளியே தள்ளினாள்.

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் சரசு, இடுப்பில் குடத்தோடு.

அவள் கத்தவில்லை. குடத்தை இறக்கிவைத்தாள், குழந்தையை வாங்கினாள், முந்தானையால் அதன் நாக்கைத் துடைத்தாள்.

"நீங்க போங்க நர்சம்மா."

அதன்பின் இரண்டு வாரம் அந்தக் கதவு எனக்குத் திறக்கவில்லை. அட்டையில் 'தாய் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினேன். எழுதியபோது எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

ஒருநாள் அவள் வீட்டுக்காரர் நடேசன், பம்ப் செக்‌ஷன் ஹெல்பர், ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் என்னைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை நிறுத்தினார்.

"அவமேல கோவப்படாதீங்க நர்சம்மா. மூத்தது ஒண்ணு இருந்திச்சிங்க. ஏழு மாசம். சோறு குடுத்த மூணாம் நாளு போயிடிச்சி."

அவர் போன பிறகும் அந்த இடத்திலேயே நின்றேன். பிறகு, எடைத் தராசை எடுக்காமல், வெறுங்கையோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"சரசு, உன்னக் கேக்காம ஊட்டினது என் தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

கதவு பாதி திறந்தது. வாசற்படியில் உட்கார்ந்து அவளே பேசினாள்.

"எங்கம்மா வூட்டுல இருந்தேன். மழக்காலம். ஏரித்தண்ணிதான் எல்லாத்துக்கும். குழையக் கரைச்சி நான்தான் ஊட்டினேன். வவுறு போய்கினே இருந்திச்சி. என் கையாலதான குடுத்தேன்?"

"தண்ணியக் காய்ச்சினீங்களா?"

"யாரு காய்ச்சுவா அப்பல்லாம்?"

"சோத்துல இல்லாம தண்ணியில இருந்திருக்கலாம் சரசு. எனக்கும் நிச்சயமாச் சொல்லத் தெரியாது."

மறுநாள் போனபோது அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

3. மூன்று நாள்

அடுத்த வாரம், மத்தியானம். ஷிஃப்ட் முடிந்து வந்த நடேசன் மங்கையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் இருந்தேன். அவர் என்னிடம் ஏதோ சொல்லத் திரும்பிய நேரம், மங்கை தட்டில் கைவிட்டு ஒரு பிடி பருப்புச் சோற்றை அள்ளி வாயில் வைத்துவிட்டாள்.

சரசுவின் கை பாய்ந்து வந்தது. பாதியில் நின்றது. மங்கை கண்ணை மூடி மென்று விழுங்கினாள். பிறகு மறுபடியும் வாயைத் திறந்தாள்.

"தோண்டி எடுத்துடவா நர்சம்மா?" சரசு கேட்டாள்.

"உள்ள போயிடுச்சி சரசு. பால் குடுத்துகிட்டே இரு. மூணு நாளும் நான் வர்றேன்."

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் காலை ஒரு தடவை இளகிப் போயிற்று. சரசு துணியை என் முன்னால் விரித்துக் காட்டினாள். ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தேன். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கா. மறுபடி போனா உடனே தூக்கிக்கினு வா."

மறுபடி போகவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியே வெயில் ஒரு துண்டாக விழுந்து, அதில் தூசி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தூரத்து முனகல் தாலாட்டுபோல வந்தது. பிள்ளையை மார்மேல் போட்டபடி சரசு கண்ணயர்ந்தாள். நானும் எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

டங், டங் என்ற சத்தத்தில் இருவரும் பதறி எழுந்தோம். மங்கை அடுப்படிவரை தவழ்ந்துபோய், காலித் தட்டைத் தரையில் அடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். அவள் அப்படி உரக்க அழுது நான் கேட்டது அன்றுதான்.

சரசு எழுந்து கைகழுவினாள். சோற்றில் பருப்பு விட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீர் தெளித்து மசித்தாள். அதிக நேரம் மசித்துக்கொண்டே இருந்தாள். பிறகு விரல் நுனியில் எடுத்து ஊட்டினாள்.

"போதுங்களா, இன்னும் குடுக்கலாமா?"

"என்ன ஏன் கேக்குற? அவளக் கேளு."

மங்கை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆறு மாதம் முடிந்ததும் ஆரம்பிக்க வேண்டும் என்பது சரிதான். ஓய்வு பெறும்வரை நானும் அதைத்தான் சொன்னேன். ஆனால் மாதத்தைச் சொல்வதற்கு முன், "உனக்கு என்ன பயம்?" என்று கேட்கப் பழகிக்கொண்டேன். அட்டையில் அதற்கு இடம் கிடையாது.

சில வருஷம் கழித்துச் சரசு கிளினிக் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் அடுத்த பெண்.

"இவளுக்கு நேத்தோட ஆறு மாசம் ஆச்சிங்க. இன்னிக்குக் குடுக்கப் போறேன். சும்மா வந்து பக்கத்துல ஒக்காருங்க நர்சம்மா."

தராசை மேசையிலேயே வைத்துவிட்டு அவளோடு போனேன்.