பாவு தீரும்வரை

பாகம் பிரிக்கிற வீடுகளில் நிலத்துக்கும் நகைக்கும் சண்டை வரும். பிள்ளையார்பாளையத்து மாணிக்கவாசகம் வீட்டில் சண்டை வந்தது நாலு கல் உப்புக்காக. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால் ‘அண்ணன் தம்பிக்கு ஒத்துவரவில்லை’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அறுபத்தொன்பதாம் வருஷம் சித்திரை மாதத்தில் வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். உண்மையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரு தகராறும் கிடையாது. இரண்டு பேரும் வாயைத் திறப்பதே அபூர்வம், இதில் தகராறு எங்கிருந்து வரும்?

தகராறு அவர்கள் பெண்டாட்டிகளுக்குள். மூத்தவள் ரேணுகாம்பாள், மாணிக்கவாசகத்தின் மனைவி. இளையவள் காந்தா, தம்பி குமாரவேலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்தபோது அவளுக்குப் பதினேழு வயசுதான். ரேணுகாம்பாளுக்குக் குழந்தை இல்லை. ஓரகத்தியைக் கூடப்பிறந்தவள் மாதிரி வைத்துக்கொண்டாள் என்று தெரு சொன்னது. மாதிரி என்ன மாதிரி, கூடப்பிறந்திருந்தால்கூட அப்படித் தலைவாரிவிட்டிருக்க மாட்டாள். பிற்பாடு காந்தாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தபோது பத்தியச் சோறு பொங்கிப்போட்டதும் அவள்தான்.

காந்தா நன்றாகவே சமைப்பாள். மசாலாவை மையாக அரைப்பாள், புளியைப் பக்குவமாகக் கரைப்பாள். உப்பு போடும்போது மட்டும் அந்தக் கைக்கு என்னவோ கஞ்சத்தனம் வந்துவிடும். ரேணுகாம்பாள் அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். புதுப்பெண் முகம் வாடுமே என்று சொல்லவில்லை. காந்தா குழம்பை இறக்கிவைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, ஜாடியிலிருந்து நாலு கல் உப்பை எடுத்துப் போட்டுக் கலக்கிவிட்டாள். மறுநாளும் போட்டாள். அப்படியே பன்னிரண்டு வருஷம் ஓடிப்போயிற்று.

வீட்டில் எல்லாரும் காந்தாவின் குழம்பைப் புகழ்ந்தார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் ரேணுகாம்பாளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் ஓடும். யாருக்கும் தெரியாத சந்தோஷம் என்பதால் அதற்கு ருசி கொஞ்சம் கூடுதல். இதில் தப்பு ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை.

பங்குனி உத்திரத்துக்கு ஏகாம்பரநாதர் கோயில் கல்யாணம் பார்க்க நாத்தனார் சம்பூர்ணம் குடும்பத்தோடு வந்திருந்தாள். முதல் பந்தி சாப்பிட்டவர்கள் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டார்கள். “இன்னா கைப்பக்குவம்மா உனுக்கு! எங்க வூட்டு ஆளுங்க ரெண்டாவது தரம் சோறு கேட்டு நான் இப்பதான் பாக்கிறேன்” என்று சம்பூர்ணம் காந்தாவின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். காந்தா வெட்கத்தோடு அடுத்த பந்திக்குக் குழம்பு எடுக்க உள்ளே வந்தாள். அங்கே இரண்டாவது குண்டானுக்குள் ரேணுகாம்பாள் உப்பு போட்டுக்கொண்டிருந்தாள்.

காந்தா நிலைப்படியிலேயே நின்றாள். புரிவதற்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

“எத்தினி நாளா அக்கா?”

ரேணுகாம்பாளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. “நீ வந்த நாள்லேர்ந்துதான்” என்றாள்.

“அப்ப இந்த வூட்ல என் கையால யாரும் ஒரு வாய்கூடத் தின்னது கிடையாதா?”

அங்கேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் முடிந்திருக்கும். பந்தி காத்துக்கொண்டிருக்கிறது, உடம்பெல்லாம் வேர்வை, ரேணுகாம்பாள் வாயில் சனி உட்கார்ந்திருந்தது. “நாலு கல்லு உப்புக்கு இன்னாத்துக்கு அழுதுக்கினு நிக்கிற? நான் போடலன்னா ஒருத்தரும் உன் கொழம்ப வாயில வெச்சிருக்க மாட்டாங்க, போ” என்றாள்.

அன்றோடு காந்தா அவளிடம் பேசுவதை நிறுத்தினாள். பொதுச் சமையலறையில் அடுப்பு மூட்ட மாட்டேன் என்று குமாரவேலிடம் சொல்லிவிட்டாள். ஒரு மாதத்துக்குள் செங்கல் வந்து இறங்கிவிட்டது.

சுவர் எழுப்புவதில் ஒரு சிக்கல் வந்தது. அது அகலமான வீடு, மாணிக்கவாசகத்தின் தறி கூடத்தில் குறுக்கே கிடந்தது. நெய்கிறவர் உட்காருகிற தறிக்குழி அண்ணன் பாகத்தில். பாவை இழுத்துக் கட்டுகிற முளை தம்பி பாகத்தில். மூன்று புடவைக்கான பாவு, நீளவாக்கில் ஓடுகிற இழையெல்லாம், அப்போதுதான் தறியில் ஏறியிருந்தது. கொத்தனார் தேவசகாயம் கரண்டியும் கையுமாக விழித்தார். தெருவில் பெரியவரான பஞ்சாட்சரத்தைக் கூட்டிவந்தார்கள். அவர் இரண்டு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு, “ஏறின பாவ நடுவுல எறக்கறது நம்ம தெரு வழக்கமில்லப்பா. பாவு தீர்ற வரைக்கும் சொவத்துல ஒரு பொந்து வுட்டு வைங்க. அடுத்த பாவு ஏத்தறப்ப பெரியவன் தன் பக்கத்துலயே முளை அடிச்சிக்கட்டும், பொந்த அடைச்சிடலாம்” என்றார்.

அப்படித்தான் முழங்கால் உயரத்தில் ஒரு பொந்து வந்தது. ஒரு சின்னத் தட்டோடு கை தாராளமாகப் போகும். பாவின் கயிறு அது வழியாகப் போய் அந்தப் பக்கத்து முளையில் முடிந்தது. முளை இருந்த இடத்தைத்தான் குமாரவேல் சமையலறையாக மாற்றியிருந்தான். அதனால் காந்தா புழங்கும்போதெல்லாம் அந்தக் கயிற்றைத் தாண்டித் தாண்டித்தான் நடக்க வேண்டியிருந்தது.

அந்தச் சமையலறையை ரேணுகாம்பாள் பார்த்ததில்லை. பூச்சு வேலைக்கு வந்த தேவசகாயம் சொல்லித்தான் தெரியும். “இடுப்பு ஒசரத்துக்கு சிமிட்டி மேடை போட்டிருக்குதும்மா. நின்னுக்கினே சமைக்குது. பொகை போக ஓட்டுல கூண்டு வெச்சிருக்கோம். அஞ்சறைப் பெட்டி வைக்க மாடம் ஒண்ணு கேட்டுச்சு, அதுவும் ஆச்சு.” ரேணுகாம்பாள் கேட்டுக்கொண்டாள். காந்தாவுக்குக் குனிந்து ஊதினால் மூச்சிரைக்கும். மேடை போட்டது நல்லதுதான். அதைப் போய்ப் பார்த்து நல்லதுதான் என்று சொல்ல முடியவில்லையே என்பதுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

பழைய சமையலறை முழுக்க இப்போது அவளுடையது. இரண்டு பேருக்குச் சமைக்க அவளுக்குத் தெரியவில்லை. அரிசி களையும்போது கை தன்பாட்டுக்கு ஆறு பேருக்கு அள்ளியது. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி, மறுநாள் அதையே தின்று, அதற்குமேல் மாட்டுக்கு வைத்தாள். அலமாரிப் பலகையை இடம் மாற்றினாள், அடுப்புக்கு மண் பூசினாள், சுவருக்கு வெள்ளை அடித்தாள். வேலை தீர்ந்துவிட்டது. பேச ஆள் இல்லை. மாணிக்கவாசகம் ‘ம்’ என்பதையே மூன்று விதமாகச் சொல்லிக் காலம் தள்ளுகிற மனுஷர். தெருவில் காந்தாவின் பிள்ளைகள் அவளைப் பார்த்தால் சிரிக்கும், பிறகு ஞாபகம் வந்து ஓடிவிடும்.

கோர்வைக்கு உட்காருகிறபோதுதான் அவளுக்குக் கொஞ்சம் உயிர் வரும். உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு நிறம் வைத்து நெய்கிற புடவைக்கு ஒரு ஆள் போதாது; ஒரு பக்கத்துக் கரைக்குக் குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாவை வாங்கிக் கொடுக்க இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். அது அவள் வேலை. கையைப் பாவின்மேல் வைத்திருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் காந்தா கயிற்றைத் தாண்டும்போது புடவைத் தலைப்பு உரசினால்கூடப் பாவில் ஒரு நடுக்கம் வந்து அவள் விரலைத் தொடும். இப்போது பால் காய்ச்ச வந்திருக்கிறாள், இப்போது அம்மிக்குப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியும். மாணிக்கவாசகம் “கயிறு ஆடுது” என்று முணுமுணுப்பார். “ஆடட்டும், வுடுங்க” என்பாள்.

இந்தப் பாவு தீர்வதற்குள் காந்தா ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். ரேணுகாம்பாளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. தெருவில் பேசினால் நாலு வீட்டுக்காரிகள் வேடிக்கை பார்ப்பார்கள், குமாரவேலுக்கு ரோஷம் வரும். கிணற்றடியும் பிரிந்துவிட்டது. இந்தப் பொந்து ஒன்றுதான் பாக்கி. அதையும் தன் கையாலேயே நெய்து நெய்து மூடிக்கொண்டிருக்கிறோமே என்று நாடா வாங்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள்.

முதல் புடவை இறங்கிய அன்று பருப்படை சுட்டு, வாழையிலை போட்டு மூடி, தட்டைப் பொந்துக்குள் தள்ளினாள். சாயங்காலம் தட்டு அதே இலையோடு திரும்பி வந்து நின்றது. எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஒரு அடையும் குறையவில்லை. இரண்டாவது புடவைக்குக் கேழ்வரகு உருண்டை பிடித்துத் தள்ளினாள். அதுவும் வந்தது. பிள்ளைகளைக்கூடத் தொடவிடவில்லை பாவி மகள் என்று அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு உட்கார்ந்து அழுதாள்.

மூன்றாவது புடவையில் அவள் திருட்டுத்தனம் செய்ய ஆரம்பித்தாள். வேண்டுமென்றே கரை இழையைத் தப்பவிட்டாள். அதைப் பிரித்து மறுபடி நெய்ய அரை நாள் போகும். இரண்டு தரம் பொறுத்த மாணிக்கவாசகம் மூன்றாம் தரம் நாடாவைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். “இன்னா ஆச்சு உன் கைக்கு?” என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி வெகு நாளாகியிருந்தது. அதற்குப் பிறகு அவள் இழையைத் தப்பவிடவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு நாள் காலையில் கடைசிப் புடவையும் அறுத்து இறக்கியாயிற்று. மாணிக்கவாசகம் கயிற்றை அவிழ்த்து உருவினார். கயிறு பொந்து வழியாகச் சரசரவென்று வந்து கூடத்தில் சுருண்டது. மத்தியானம் வந்து அடைத்துவிடுவதாகத் தேவசகாயம் சொல்லியிருந்தார். ஆண்கள் பேசி முடித்த ஏற்பாடு.

பொந்து வழியாகப் புளிக்குழம்பு வாசனை வந்தது. ரேணுகாம்பாள் அன்று அடுப்பே மூட்டவில்லை. சோறு நேற்றையது இருந்தது. இன்னும் எதைச் செய்து எதை உள்ளே தள்ளுவது என்று யோசித்துக்கொண்டே இருந்தவளுக்கு, போட்டுப் போட்டுத்தானே இந்த வினை என்று சட்டென்று உறைத்தது. எழுந்து போய் ஒரு காலிக் கிண்ணத்தை எடுத்துவந்தாள். சுவரோரம் உட்கார்ந்து, கையைத் தோள்வரை பொந்துக்குள் விட்டாள்.

“காந்தா, கொழம்பு இருந்தா கொஞ்சம் ஊத்துமா. நான் இன்னிக்கு ஒண்ணும் வெக்கல.”

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. மாணிக்கவாசகம் பெண்டாட்டிக்குப் பித்துப் பிடித்துவிட்டதா என்பதுபோலப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கன்னம் சுவரில் ஒட்டியிருந்தது, கை வலித்தது. பிச்சைக்காரிபோல உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்தது. தெரிந்தும் கையை எடுக்கவில்லை. தோள் மரத்துப்போன பிறகு கிண்ணம் கனத்தது. சூடு விரலில் ஏறியது. ஒரு வார்த்தையும் வரவில்லை.

சிந்தாமல் வெளியே எடுத்து, ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். வாசனை சரி, புளி சரி, காரம் சரி. உப்புதான் கம்மி. இத்தனை நாளுக்குப் பிறகும் அதே நாலு கல் கம்மி. ரேணுகாம்பாளின் கை தானாக ஜாடிக்குள் போய்விட்டது. உப்பைத் தொட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. விரலை உதறிவிட்டு, ஜாடியை மூடினாள்.

பழைய சோற்றைப் பிழிந்து வைத்து, குழம்பை ஊற்றி, புருஷனைப் பொந்துக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்துப் போட்டாள். தானும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டாள். மாணிக்கவாசகம் ஒரு வாய் வைத்தார். வாயைத் திறப்பதே அபூர்வமான மனுஷருக்கு அன்றைக்குப் பார்த்துத்தான் பேச்சு வந்தது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் வேறு.

“உப்பு கம்மியா இருக்குதே!”

ரேணுகாம்பாள் சட்டென்று பொந்துப் பக்கம் திரும்பினாள். “ஒண்ணும் கம்மி இல்ல. உங்க நாக்குதான் கெட்டுக்கெடக்குது” என்று கத்தினாள். “சரியா இருக்குது. இதான் அளவு. காந்தா வெச்ச கொழம்பு இது, தின்னுங்க.”

அவர் ஆச்சரியத்தோடு பொந்தைப் பார்த்தார், பிறகு குனிந்து சாப்பிட்டார். ரேணுகாம்பாள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். சோறு கையிலேயே இருந்தது.

“கம்மிதான்” என்றது பொந்து.

அவள் பொந்துப் பக்கம் குனிந்தாள்.

“கம்மிதான் அக்கா. வேணும்னா போட்டுக்கோ.”

சொல்வதற்கு ஒரு வண்டி வார்த்தை வைத்திருந்தாள். மூன்று புடவை நெய்து முடிக்கிற காலமும் ஒத்திகை பார்த்த வார்த்தைகள். “வேணாம்மா” என்று மட்டும் சொன்னாள். அது அந்தப் பக்கம் கேட்டதோ கேட்கவில்லையோ. பிள்ளை ஏதோ கேட்டு அழுதது, காந்தாவின் காலடிச் சத்தம் உள்ளே போயிற்று. ரேணுகாம்பாள் கண்ணீர் வழிய வழிய அந்தச் சோற்றைக் கடைசிப் பருக்கைவரை தின்றாள்.

தேவசகாயம் சொன்னபடி மத்தியானம் வந்தார். இரண்டு செங்கல்லும் ஒரு சட்டிக் கலவையும்தான் தேவைப்பட்டது. பூசி முடித்து, தண்ணீர் தெளித்து மட்டம் தேய்த்துவிட்டு, “எடமே தெரியல பாருங்கம்மா” என்றார் பெருமையாக.

மறுநாள் ரேணுகாம்பாள் தன் அடுப்பில் புளிக்குழம்பு வைத்தாள். கொதி வந்ததும் ஜாடியில் கைவிட்டு உப்பை அள்ளினாள். நாலு கல்லைத் திரும்ப ஜாடியிலேயே போட்டுவிட்டு, மிச்சத்தைக் குழம்பில் போட்டுக் கலக்கினாள்.