புல்லில் படுத்துப் போர் செய்பவர்

வீட்டுக்குப் பின்னால் புல்தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தை மண்ணோடு ஒட்டிவைத்திருக்கிறார் டுவேன். வயது அறுபத்தொன்று. பின்வீட்டுக்குப் புதிதாக வந்த பெண் ஒருமுறை இதைப் பார்த்து, மாரடைப்பு என்று பதறி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். வந்தவர்களிடம் டுவேனின் மனைவி மார்லீன் சன்னலிலிருந்தே சொன்னாள்: "ஒண்ணுமில்லப்பா, போங்க. சண்டை போட்டுக்கிட்டிருக்காரு."

சண்டை கம்ப்யூட்டரில். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஒரு கிராமம், ஆளுக்கு நாற்பது சிப்பாய்கள், இரண்டு டாங்கிகள். ஒவ்வொரு நிமிடச் சண்டைக்கும் கட்டளைகளைக் குறித்து எதிராளிக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். படுத்திருக்கும் சிப்பாய்க்கு வேலி தாண்டி என்ன தெரியும் என்று தானே படுத்துப் பார்க்காமல் டுவேன் ஒரு கட்டளையும் இடமாட்டார். "மேலேருந்து பாக்குறவன் கடவுள்யா. லெப்டினன்ட் இல்ல."

ஒஹாயோவில் எங்கள் ஊர் வீடுகளைக் குளிர்காலத்தில் சூடாக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அவர் பிழைப்பு. ஓய்வு கிடைத்தால் விளையாட்டைத் தயாரித்தவர்களுக்குப் புகார்க் கடிதம் எழுதுவார். "உங்க சிப்பாய்ங்க மகா சூரனுங்களா இருக்கானுங்க. பக்கத்துல குண்டு விழுந்தா மனுஷன் மண்ணோட ஒட்டிக்குவான், எந்திரிச்சு ஓடமாட்டான்." பதில் வந்ததில்லை. விடாமல் எழுதுகிறார், அது ஒரு பிடிவாதம்.

இந்த விளையாட்டை ஆடுபவர்களுக்கான எங்கள் சங்கத்தில் பதினொரு வருடமாக இருக்கிறார். இறுதிப் போட்டிக்கு வந்தது இந்த வருடம்தான். எதிராளி நான். கடைவீதியில் மார்லீன் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ராத்திரி தூங்குறதே இல்லப்பா மனுஷன். ஒரே ஒரு தடவ அவரு ஜெயிச்சுட்டுப் போகட்டுமே?" விட்டுக்கொடுத்தால் கண்டுபிடித்து என்னோடு பேசுவதையே நிறுத்திவிடுவார் என்று சமாளித்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தக் கோப்பை மேல் ஆசைதான்.

மிச்சம் இரண்டு நிமிடச் சண்டை. அவர் பாலத்தைப் பிடிக்க வேண்டும். என் இயந்திரத் துப்பாக்கி ஒரு புதரில் ஒளிந்திருக்கிறது. எந்தப் புதர் என்று தெரிந்தால் அவருடைய டாங்கி ஒரே குண்டில் கதையை முடித்துவிடும். எரிந்துபோன இன்னொரு டாங்கியிலிருந்து தப்பிய இருவர் அவரிடம் இருந்தார்கள், வெறுங்கையோடு. அப்படிப்பட்டவர்களைத் திறந்தவெளியில் ஓடவிட்டால் சுடப்பட்டுச் சாவார்கள், சுட்ட இடம் என் துப்பாக்கியைக் காட்டிக்கொடுத்துவிடும். விதியில் தடையில்லை. சங்கத்தில் எல்லோரும் செய்வதுதான், வெட்கமில்லாமல் நானும் செய்திருக்கிறேன். அவர் இடத்தில் நான் இருந்தால் யோசித்திருக்கவே மாட்டேன். மின்னஞ்சலுக்குக் காத்திருந்தேன்.

வந்தது. திறந்து அந்த நிமிடச் சண்டையைத் திரையில் ஓடவிட்டேன். பாலத்துப் பக்கம் ஒருவரும் வரவில்லை, மிச்சமிருந்த ஒரு நிமிடத்தில் இனி வந்து சேரவும் முடியாது, கோப்பை எனக்கே. அந்த இருவரும் சண்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்குக் காலில் காயம். மற்றவனால் ஓட முடியும், ஆனாலும் அவனுக்கும் மெதுவாக நடக்கும்படியே கட்டளை கொடுத்திருந்தார் டுவேன்.