நாக்கு முந்திக்கொண்டது

பல் சுகாதாரப் பயிற்சியில் அதுவரை நாங்கள் பிளாஸ்டிக் பற்களையும் எங்களுக்குள் ஒருவர் பல்லை ஒருவரும்தான் சுத்தம் செய்திருந்தோம். அன்று எனக்கு முதல் நிஜ நோயாளி. காலையில் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு குஷி.

சிம்பாங் ரெங்கத்திலிருந்து லாரி ஓட்டும் அங்கிள் ஒருவர் வந்தார். “கிளீன் பண்ணா பல்லு ஆட்டம் கண்டுரும்னு சொல்றாங்களேம்மா” என்றார்.

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாது அங்கிள்” என்று சிரித்தேன்.

கீழ் முன்பற்களின் உட்புறம் கெட்டிப்பட்ட அழுக்கு, அதாவது பற்காரை, சுவர்போல் படிந்திருந்தது. பார்த்ததும் கை துறுதுறுத்தது. கருவியை வைத்து இழுத்தேன். பெரிய துண்டு ஒன்று அப்படியே கழன்று வந்தது. நான் துள்ளிக் குதிக்காத குறைதான்.

வாய் கொப்பளித்துவிட்டு நாக்கால் தடவிப் பார்த்தவரின் முகம் வெளிறியது. “அலமாக், பல்லு போச்சேம்மா. ஓட்டை தெரியுதே.”

காரை போனால் இடைவெளி தெரியும் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். வகுப்பில் படித்ததுதான், குஷியில் மறந்துவிட்டேன். கண்ணாடியைக் கொடுத்து, அந்தத் துண்டையும் காட்டினேன். “இதுதான் அங்கிள் அந்த இடத்த அடைச்சிக்கிட்டு இருந்துச்சு. பல்லு அங்கேயேதான் இருக்கு.”

வெகுநேரம் பார்த்தார். “இத டிஷ்யூல சுத்திக் குடும்மா. வீட்டுல காட்டணும், நம்ப மாட்டா.”

அடுத்த வாரம் மனைவியோடு வந்துவிட்டார். நான் பேச ஆரம்பிக்கும் முன் அவரே மனைவியிடம் சொன்னார்: “முடிஞ்சதும் ஓட்டை மாதிரி தெரியும். பயப்படாத லா, பல்லு அங்கேயேதான் இருக்கும்.”

இன்றும் கருவியைத் தொடும் முன் எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன், அவர் சொன்னபடியே.