இத்தாலிக்காரியின் கதவு

எங்கள் வீட்டில் அந்தக் காருக்கு இத்தாலிக்காரி என்று பெயர். எந்தக் காலத்திலோ இத்தாலியில் வரைந்த வடிவத்தில் செய்த சின்ன வண்டி. ஆபீஸில் ஓய்வு பெற்றுப் போன ஒருவரிடமிருந்து அப்பா வாங்கி, நாலு வருஷம் ஓட்டி, புது வண்டி வந்ததும் செம்பூரில் எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் காம்பவுண்டில் மாமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினார். நிறுத்தியது நிறுத்தியதுதான். நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடை லீவில் அதன் தரையில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருந்தன. ஒரு பூனை அந்த வழியாகவே போய்வந்து உள்ளே குட்டி போட்டிருந்தது.

அந்த மே மாதம் சொசைட்டியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மழைக்கு முன்னால் காம்பவுண்டுக்குத் தளம் போடப் போகிறார்கள், ஓடாத வண்டிகளை மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துவிட வேண்டும். பழைய இரும்பு வாங்கும் பங்கார்க்காரருக்கு அப்பா போன் போடப் போனார். அப்போது எங்களோடு தங்கி ஐரோலிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சித்தி, அம்மாவின் தங்கை, தோசையைப் பிட்டபடியே, "அத்திம்பேர், அதை நான் ஓட வச்சுடறேன்" என்றாள்.

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அந்த ஞாயித்துக்கிழமை அது தானா ஓடி கேட்டைத் தாண்டினா வண்டி உனக்கு. இல்லேன்னா பங்கார்தான்."

லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தாளே தவிர, கார் விஷயத்தில் சித்திக்கு அதுவரை தெரிந்தது ஜன்னலோர சீட் ஒன்றுதான். ஆனால் இறங்கிவிட்டால் அவள் வேறு ஆள். பத்து நாள் லீவு போட்டாள். செல்போனில் வீடியோ பார்த்து நோட்டில் படம் போட்டுக்கொண்டாள். கார்புரேட்டரைக் கழற்றிப் பழைய பேப்பரில் பரப்பி, ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் எழுதி, கழுவி, திரும்ப மாட்டினாள். ஒரு ஸ்க்ரூகூட மிஞ்சவில்லை. அப்பா மிக்ஸியைத் திறந்து மூடினாலே இரண்டு மிஞ்சும். மாடி வீட்டு மாமி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "கல்யாணம் பண்ணிக்கோடின்னா காரைக் கட்டிண்டு மாரடிக்கறா" என்றாள். சித்தி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

தரை ஓட்டைகளுக்குத் தகரம் வைத்துப் பற்றவைக்கத் தாராவியிலிருந்து அண்ணாச்சி ஒருவர் வந்தார். வேலை முடிந்து கிளம்பும்போது, "தாயி, தகரமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. துருவைச் சொரண்டுன பொறவு தண்ணி கிண்ணி படாமப் பாத்துக்கிடுங்க. பிரைமர் அடிக்கிற வரைக்குந்தான் பயம்" என்றார். நான் பூனைக்குட்டிகளோடு இருந்தேன். அவர் சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

கடைசி ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. எஞ்சின் ஓடியது, மற்ற இடமெல்லாம் பெயின்ட் அடித்தாயிற்று. டிரைவர் பக்கத்துக் கதவு ஒன்றுதான் பாக்கி. துரு முழுவதையும் தேய்த்து எடுத்து வெறும் இரும்பாக்கிவிட்டு, அப்பாவின் பழைய வேஷ்டியை அதன்மேல் போட்டு மூடி, பிரைமர் வாங்கத் தாதருக்குப் போனாள் சித்தி.

வெள்ளிக்கிழமை விளக்கு தேய்ப்பது என் வேலை. சமையலறைக் கீழ்த்தட்டில் எனக்கு எட்டும்படி புளி ஜாடி இருக்கும். புளியும் உப்பும் சேர்த்துத் தேய்த்தால் குத்துவிளக்கு தங்கம் மாதிரி மின்னும். அன்று தேய்த்து முடித்தபோது கையில் புளி மிச்சமிருந்தது. கீழே இறங்கி வேஷ்டியை விலக்கிப் பார்த்தேன். கதவு மங்கலாக, அழுது வடிந்துகொண்டு நின்றது. எனக்கு மனசு கேட்கவில்லை. மேலிருந்து கீழ்வரை, கைப்பிடிக்கான துளையைக்கூட விடாமல் தேய்த்தேன். நன்றாகவே பளபளத்தது. ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வேஷ்டியால் மறுபடி மூடிவிட்டு வந்தேன். சித்தி திரும்புவதற்குள் இருட்டிவிட்டது. காலையில் அவள் பார்த்து அசந்துபோக வேண்டும் என்று ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

காலையில் வேஷ்டியை எடுத்தால், கதவு முழுக்க சாம்பார்ப் பொடி தூவினாற்போல் துரு.

அப்பா, வாட்ச்மேன், மாடி மாமி எல்லோரும் கூடிவிட்டார்கள். "நான் அப்பவே சொன்னேனே, இது தாங்காது. பங்கார்க்காரனை வரச் சொல்லிடட்டுமா?" என்றார் அப்பா. சித்தி கதவைத் தடவிப் பார்த்தாள். கைப்பிடித் துளையிலிருந்து நார் போல ஏதோ ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்து, முகர்ந்து பார்த்து, பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"தப்பு என்னோடதுதான் அத்திம்பேர். ஈரத்துணியால தொடைச்சுட்டு அப்படியே மூடிட்டேன்."

"இத்தனை வீடியோ பார்த்து இதுதானா?" என்று அப்பா சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் உரக்கவே. நான் அவ்வளவு பளபளப்பாக்கி வைத்ததை ஈரத்துணி போட்டுக் கெடுத்துவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம்.

சனிக்கிழமை முழுக்கச் சித்தி அந்தக் கதவை மறுபடி தேய்த்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் பிரைமர் அடித்தாள். கலர் அடிக்க நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். இத்தாலிக்காரி இரண்டு தரம் இருமி, மூன்றாம் தரம் கிளம்பினாள். உடம்பெல்லாம் பால் வெள்ளை, கதவு ஒன்று மட்டும் சாம்பல் நிறம். சித்தி ஓட்ட, கேட்டைத் தாண்டி மாட்டுங்கா வரை போய்த் திரும்பினோம். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அப்பா இறங்கியதும் தன்னிடமிருந்த இன்னொரு சாவியையும் சித்தி கையில் கொடுத்தார். அதன்பின் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எல்லாத்தையும் இவளே பண்ணினா. கதவை மட்டும் ஈரத்தோட மூடிட்டா." சித்தி ஒவ்வொரு தடவையும், "ஆமா, மூடிட்டேன்" என்பாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கு தேய்க்கப் போனால் கீழ்த்தட்டில் புளி ஜாடியைக் காணோம். மேல்தட்டில் இருந்தது. அம்மாவைக் கேட்டேன். "சித்திதான் அங்கே வச்சா" என்றாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். இனிமேல் வாராவாரம் இப்படி ஏறி இறங்க வேண்டுமே என்று அன்றைக்கு எனக்குச் சித்தி மேல் கோபம்தான் வந்தது.