ஒரே சஹனில்

அபூதாஹிர் கிண்ணியாச் சந்தையில் மீன் வெட்டுகிறவர். முழங்கையிலும் விரல் மூட்டுகளிலும் சிவப்பாகத் தடித்து, அதன்மேல் வெள்ளைப் பொருக்கு உதிரத் தொடங்கியபோது ஊர் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது: மீன் செதில் உடம்பில் ஏறிவிட்டதாம். எங்கள் ஊருக்கு வைத்தியம் தெரியாது, நோய் வருத்தத்துக்குப் பட்டப்பெயர் வைக்க நன்றாகத் தெரியும். 'செதில் காக்கா' என்றார்கள்; காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்.

அதை அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது விருந்துதான். எங்கள் கலியாண வீடுகளில் சஹன் என்கிற பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றியிருந்து கையால் சாப்பிடுவது வழக்கம். அபூதாஹிர் வந்து உட்கார்ந்தால் ஒருவருக்குத் திடீரென்று போன் வரும், இன்னொருவருக்குக் கை கழுவாதது ஞாபகம் வரும். கடைசியில் ஆறு பேருக்கான சோற்றின் முன்னால் அவர் ஒற்றையாக இருப்பார். கொஞ்ச நாளில் விருந்துக்குப் போவதையே விட்டுவிட்டார்.

திருகோணமலையில் கிளினிக் டொக்டர் பிரியதர்சினி விளக்கமாகத்தான் சொன்னார்.

"இது சொரியாசிஸ், ஐயா. ஆருக்கும் தொத்தாது. கிருமியை அடிக்க வேண்டிய சக்தி உங்கட தோலையே அடிக்குது. அதாலதான் தோல் அவசரப்பட்டு வளர்ந்து உதிருது. முற்றாய் மாறாது, ஆனா அடக்கி வைக்கலாம். பிள்ளையளுக்கும் சில நேரம் வரும்."

"மகள்ட கலியாணத்துக்கு முன்னுக்கு அடங்குமா, டொக்டர்?"

"அவ்வளவு கெதியில ஏலாது. மருந்து பிடிக்க மாசக்கணக்கில செல்லும்."

மகள் ஷிஃபானாவின் நிக்காஹ் நெருங்கிவிட்டிருந்தது. பெண் பேசிய நாளெல்லாம் நீளக் கைச் சட்டையோடு சமாளித்தவர், அன்றைக்கு மகளை ஒப்புக்கொடுக்க மாப்பிள்ளையின் கையைப் பிடிக்க வேண்டும். பிறகு சம்பந்தி முனாபோடு ஒரே சஹனில் இருக்க வேண்டும். அந்தச் சஹனிலிருந்து முனாப் எழுந்துவிட்டால் ஷிஃபானாவின் வாழ்க்கை என்னாவது? அந்தப் பயத்தில் மனிதர் தூக்கத்தைத் தொலைத்தார். பிள்ளைகளுக்கும் வரலாம் என்று டொக்டர் சொன்னதை வீட்டில் மூச்சுக்கூட விடவில்லை.

கிளினிக்கில் தந்த களிம்பு தார் நாற்றம் என்று மூலையில் கிடந்தது. மருந்துக்கடைக்காரன் ஒருவன் டொக்டர் எழுதிய மருந்துத் துண்டைக் கேட்காமலே சின்ன வெள்ளைக் குளிசைகளைக் கொடுத்தான். அவை வேலை செய்தன. கலியாணத்துக்குள் கை வெளுத்து வழுவழுப்பாகிவிட்டது. ஷிஃபானா அந்தக் கையைத் தடவித் தடவிப் பார்த்து அழுதாள்.

விருந்தில் முனாப் நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளிவைத்தார். அபூதாஹிர் குனிந்தபடியே சாப்பிட்டார். அத்தனை வருடத்துக்குப் பிறகு வந்த சந்தோசத்தை மற்றவர்கள் பார்ப்பது அவருக்கு வெட்கமாக இருந்தது.

காரியம் முடிந்தது என்று குளிசையை நிறுத்தினார். அது ஸ்டீரோய்ட். சடாரென்று நிறுத்தியதும், அடங்கிக் கிடந்த வருத்தம் மொத்தமாகத் திரும்பி வந்தது. உச்சி முதல் உள்ளங்கால் வரை தீய்ந்தது போலச் சிவந்து, தோல் தாள் தாளாக உரிந்தது. திருகோணமலை வெயிலில் மனிதர் குளிரில் நடுங்கினார். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வார்டில் பிரியதர்சினி கோபத்தில் கத்திவிட்டார்.

"கேக்காமப் போட்டு, கேக்காம நிப்பாட்டியிருக்கிறியள். இதால ஆக்கள் செத்துப்போறது தெரியுமா?"

முனாப் பார்க்க வரவில்லை. மருமகன் ஹஸ்மி எங்கள் வழக்கப்படி பெண் வீட்டில்தான் இருக்கிறான். "இப்படி ஒண்டு இரிக்கெண்டு ஏன் செல்லல்ல?" என்று ஷிஃபானாவிடம் ஒரே தரம் கேட்டானாம். அதன்பிறகு அவன் தன் துவாயைத் தனிக் கொடியில் காயப்போடுகிறான்.

ஒரு பகல், நோயாளர் பார்க்கும் நேரத்தில் ஷிஃபானா வந்தாள். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டுத் தலைமுக்காட்டைத் தளர்த்தினாள். காதுக்குப் பின்னால், முடி தொடங்கும் இடத்தில், சிவந்த தடிப்பு. மேலே வெள்ளைப் பொருக்கு.

"அவருக்கு இன்னும் தெரியா, வாப்பா. அந்தக் குளிச எந்தக் கடையில வாங்கின?"

அபூதாஹிர் போர்வையை விலக்கினார். நெஞ்சு முழுக்கப் பச்சைப் புண்ணாக இருந்தது.

"பாருங்க மகள். இதத்தான் கேக்குறீங்க."

அவள் பார்த்தாள். அழவில்லை. முக்காட்டைக் காது மறைய இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"தெரியும், வாப்பா. கடைப் பேரச் செல்லுங்க."